மாண்ட்கோமரி நீதிபதி ஃபிராங்க் ஜான்சன்: உத்தரவு எழுதத் தெரிந்த மனிதர்

1972 ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு பெடரல் நீதிபதி, அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்து நீதிபதி, அரசு மனநல மருத்துவமனைகளில் எட்டு நோயாளிகளுக்கு ஒரு கழிப்பறை, ஆறு பேருக்கு ஒரு கைகழுவும் தொட்டி, பதினைந்து பேருக்கு ஒரு குளியல் இடம் இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒரு அறையில் ஆறு பேருக்கு மேல் போடக் கூடாது, குழாயில் வரும் வெந்நீர் 110 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும், வார்டுக்குள் வெப்பம் 68-க்குக் கீழே இறங்கவும் கூடாது 83-க்கு மேலே ஏறவும் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருந்தது. வெந்நீர்ச் சூட்டை அளப்பது ஒரு நீதிபதியின் வேலையா என்று அன்றைக்கே அலபாமாவில் நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டவர்களில் கவர்னரும் உண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் அந்த ஒரு வழக்கைப் படித்தால் கிடைக்காது. அந்த நீதிபதி, ஃபிராங்க் எம். ஜான்சன், அதற்கு முந்தைய பதினாறு வருடங்களில் அந்த மாநிலத்திடம் என்னவெல்லாம் பார்த்தார் என்று தெரிந்தால்தான் கிடைக்கும். உரிமை உண்டு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனால் அலபாமாவில் எதுவும் நடக்காது, எப்படி, எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று எழுதினால் மட்டுமே நடக்கும் என்பதை அவர் வழக்கு வழக்காகக் கற்றுக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது. அவரைத் துணிச்சலான நீதிபதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். துணிச்சல் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் துணிச்சலான நீதிபதிகள் வேறு சிலரும் இருந்தார்கள். உத்தரவை ஓட்டை இல்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1918இல் வடக்கு அலபாமாவின் வின்ஸ்டன் மாவட்டத்தில் பிறந்தவர். அந்த மாவட்டமே ஒரு தனி ரகம். 1861இல் அடிமை முறையைக் காப்பாற்ற அலபாமா அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபோது, வின்ஸ்டனின் பிரதிநிதி அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். மலைப்பாங்கான, பெரிய பருத்திப் பண்ணைகள் இல்லாத, சிறு விவசாயிகளின் ஊர். மாநிலமே டெமாக்ரட் கட்சியின் கையில் இருந்த காலத்திலும் அங்கே ரிபப்ளிகன்கள் இருந்தார்கள், ஜான்சனின் அப்பாவும் அதில் ஒருவர், சட்டமன்றத்துக்கும் போனவர். பெரும்பான்மை ஒரு பக்கம் நிற்கும்போது இன்னொரு பக்கம் நின்று பழகிய வீடு என்று சொல்லலாம்.

1943இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். அங்கே உடன் படித்த நண்பர்களில் ஒருவர் ஜார்ஜ் வாலஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர், நார்மண்டியில் காலாட்படையில் சண்டை போட்டுக் காயம்பட்டார். திரும்பி வந்து ஜாஸ்பர் என்ற சிறு ஊரில் வக்கீல் தொழில். 1953இல் வடக்கு அலபாமாவின் பெடரல் அரசு வழக்கறிஞர் ஆனார். அந்தப் பதவியில் அவர் நடத்திய ஒரு வழக்கு கொத்தடிமை வழக்கு. கறுப்பினத் தொழிலாளர்களைக் கடன் என்ற பெயரில் பண்ணையில் பிடித்து வைத்திருந்த இரண்டு வெள்ளையர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். அடிமை முறையைச் சட்டம் ஒழித்து ஏறக்குறைய தொண்ணூறு வருடம் ஆகியிருந்தது.

1955 அக்டோபரில் அதிபர் ஐசனோவர் அவரை மாண்ட்கோமரியில் உள்ள பெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமித்தார். வயது 36. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மாநில நீதிபதிகளைத் தேர்தலில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அலபாமாவிலும் அப்படித்தான். பெடரல் நீதிபதியை அதிபர் நியமித்து செனட் உறுதி செய்கிறது, பதவி ஆயுள் முழுக்க. நம் உயர் நீதிமன்றத்தில் உள்ளதுபோல் 62 வயதுக் கணக்கெல்லாம் கிடையாது. ஆக, அடுத்த தேர்தலில் வெள்ளையர் ஓட்டுப் போடுவார்களா என்று கவலைப்பட வேண்டாத நீதிபதி அலபாமாவில் பெடரல் நீதிமன்றத்தில் மட்டுமே இருக்க முடியும். இருந்தும் தெற்கத்திய பெடரல் நீதிபதிகள் பலர் ஊரோடு ஒத்துத்தான் போனார்கள். பதவிப் பாதுகாப்பு மட்டும் போதாது என்பதற்கு அவர்களே சாட்சி.

பஸ் வழக்கு

அவர் பொறுப்பேற்ற சில வாரங்களில், 1955 டிசம்பர் 1 அன்று, அதே மாண்ட்கோமரியில் பஸ்ஸில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். தொடர்ந்து நடந்த பஸ் புறக்கணிப்பு எல்லோருக்கும் தெரியும், மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியாரை உலகத்துக்குக் காட்டியது அதுதான். ஆனால் பஸ்ஸில் நிறப் பிரிவினையைச் சட்டப்படி முடித்து வைத்தது ரோசா பார்க்ஸின் வழக்கு இல்லை. அது மாநில நீதிமன்றத்தில் சிக்கிக்கொள்ளும் என்று வக்கீல் ஃபிரெட் கிரே கணக்குப் போட்டு, 1956 பிப்ரவரியில் பெடரல் நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்குப் போட்டார். வாதிகளாகக் கடைசி வரை நின்றவர்கள் நான்கு பெண்கள்: ஆரிலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். கால்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதான பள்ளி மாணவி, அப்போது வயது 15.

மாநிலச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லும் வழக்குகளை அந்தக் காலத்தில் மூன்று பெடரல் நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள், அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்கே மேல்முறையீடு. இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ரிச்சர்ட் ரைவ்ஸ், மாவட்ட நீதிபதி செய்போர்ன் லின், அப்புறம் ஜான்சன். பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொல்லியிருந்தது. ஆனால் பஸ்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ரயிலில் பிரிவினை சரி என்ற பழைய 1896 தீர்ப்பு வழியில் வந்த சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று லின் நினைத்தார். ரைவ்ஸும் ஜான்சனும் அடிப்படையே போன பிறகு அந்தக் கட்டடம் நிற்காது என்றார்கள். 1956 ஜூன் 5, இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, டிசம்பர் 21 அன்று கறுப்பின மக்கள் முன் இருக்கைகளில் உட்கார்ந்து போனார்கள். ஜான்சன் வீட்டுப் புல்தரையில் சிலுவையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். தெற்கில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் மிரட்டுகிற முறை அது.

இதைப் படித்துவிட்டு ஜான்சன் ஆரம்பத்திலிருந்தே ஒரு போராளி என்று நினைத்தால் அடுத்த வழக்கு இடறும். டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பினத்தவர் நடத்தும் புகழ்பெற்ற கல்லூரி உண்டு, படித்தவர்கள் அதிகம், ஓட்டுரிமை கேட்பவர்களும் அதிகம். 1957இல் சட்டமன்றம் சதுரமாக இருந்த ஊர் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட ஒரு விசித்திர வடிவமாக மாற்றியது. கணக்கு எளிது: 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள், வெள்ளையர் ஒருவர்கூடப் போகவில்லை. ஜான்சன் இந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஊராட்சி எல்லையை வரைவது சட்டமன்றத்தின் அதிகாரம், அதன் உள்நோக்கத்தை நீதிமன்றம் தோண்ட முடியாது என்று அப்போதிருந்த முன்தீர்ப்புகள் சொல்கின்றன என்றார். 1960இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டிப்போட்டது. அவர் தவறு செய்தார் என்றே நான் நினைக்கிறேன், அந்த 28 பக்க வடிவத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்தீர்ப்பைத் தேடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றும் தெரிகிறது. தனக்குப் பிடித்த முடிவை நோக்கிச் சட்டத்தை வளைக்கிற ஆள் இல்லை அவர்.

வாலஸ் வந்த இரவு

1958 கவர்னர் தேர்தலில் தோற்ற ஜார்ஜ் வாலஸ் அப்போது மாநில நீதிபதியாக இருந்தார். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விரட்டுகிறார்களா என்று விசாரிக்க வந்த பெடரல் குடிமை உரிமைகள் ஆணையம், பார்பர், புல்லக் மாவட்டங்களின் பதிவேடுகளைக் கேட்டது. கொடுக்க மாட்டேன், வருகிறவர்களைச் சிறையில் போடுவேன் என்று வாலஸ் மேடை போட்டு முழங்கினார். பதிவேடுகளை ஒப்படைக்க ஜான்சன் உத்தரவு போட்டார். இல்லாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு, சிறை.

1959 ஜனவரியில் ஒரு நாள் இரவு வாலஸ் ரகசியமாக ஜான்சன் வீட்டுக்கு வந்தார். பழைய கல்லூரித் தோழன். பத்துப் பதினைந்து நாள் சிறை என்றால் அரசியலுக்கு நல்லது, அதற்கு ஒத்துழைக்க முடியுமா என்பதுதான் பேச்சு. அவமதிப்பு செய்தால் அந்தச் சின்னக் கணக்கில் விட மாட்டேன், பெரிதாகவே போடுவேன் என்று ஜான்சன் சொல்லி அனுப்பினார். வாலஸ் என்ன செய்தார் தெரியுமா? பதிவேடுகளை உள்ளூர் கிராண்ட் ஜூரிகளிடம் (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுக்கள்) கொடுத்தார், அவர்கள் ஆணையத்திடம் கொடுத்தார்கள். வெளியே வந்து தான் பணியவே இல்லை என்று பேசினார். அவமதிப்பு வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சுற்றுவழியில் என்றாலும் இவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார் என்று எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதி ஜான்சன் அவரை விடுதலை செய்தார். வீரனாகச் சிறைக்குப் போக ஆசைப்பட்டவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. பணிந்தான் என்று சொல்கிறவன் பொய்யன் என்று வாலஸ் அதற்குப் பிறகு பல வருடம் மேடைதோறும் ஜான்சனைத் திட்டினார், அந்தத் திட்டிலேயே 1962இல் கவர்னரும் ஆனார்.

ஓட்டும் தொகுதியும்

இதற்கிடையே ஜான்சன் வாக்காளர் பதிவு வழக்குகளில் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். எழுதத் தடுமாறும் வெள்ளையர் விண்ணப்பங்களை அதிகாரிகளே உதவி செய்து ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பேராசிரியர்களான கறுப்பினத்தவர், ஒரு சின்ன எழுத்துப் பிழைக்காக நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். பாகுபாடு கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரி மறுநாளே எல்லோருக்கும் கடுமையான தேர்வு வைப்பார், வெள்ளையர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறார்கள், மாட்டிக்கொள்வது புதிதாக வருகிற கறுப்பினத்தவர் மட்டும். ஜான்சன் அந்த ஓட்டையைத்தான் அடைத்தார். பதிவாகியிருக்கும் வெள்ளையர்களில் மிகக் குறைந்த தகுதி உள்ளவருக்கு என்ன அளவுகோலோ அதே அளவுகோல்தான் கறுப்பின விண்ணப்பதாரருக்கும், இத்தனை நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும், எத்தனை பேர் வந்தார்கள் எத்தனை பேர் பதிவானார்கள் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். அவருடைய கைவண்ணம் முழுசாகத் தெரிய ஆரம்பித்தது இங்கேதான்.

அடுத்தது தொகுதி. அலபாமா சட்டமன்றத் தொகுதிகள் 1901க்குப் பிறகு மாற்றப்படவே இல்லை. பர்மிங்காம் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் மாவட்டத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல், மாநில மேலவையில் ஒரு செனட்டர். 15,417 பேர் உள்ள லவுண்டஸ் மாவட்டத்துக்கும் ஒரு செனட்டர். கீழவையில் 13,462 பேர் உள்ள புல்லக்குக்கு இரண்டு உறுப்பினர்கள், 3,14,301 பேர் உள்ள மொபீலுக்கு மூன்றே பேர். பருத்திப் பண்ணை முதலாளிகளின் மாவட்டங்கள் மாநிலத்தையே பிடித்து வைத்திருந்தன, தங்கள் பிடியைத் தாங்களே தளர்த்தச் சட்டம் போடுவார்களா? 1962இல் ரைவ்ஸ், ஜான்சன், டேனியல் தாமஸ் அமர்வு சட்டமன்றம் போட்ட புதிய திட்டங்களையும் தள்ளிவிட்டு, அந்த வருடத் தேர்தலுக்குத் தாங்களே ஒரு தற்காலிகப் பங்கீட்டை வகுத்துக் கொடுத்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று உறுதி செய்த அந்த வழக்கிலிருந்துதான், மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் தொகுதிகள் மக்கள்தொகைப்படியே இருக்க வேண்டும் என்ற விதி நாடு முழுக்க வந்தது. மருத்துவமனை விஷயங்களில் நீதிபதி எதற்குத் தலையிட வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் இல்லையா என்று பின்னால் கேட்டவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுபது வருடம் அங்கே இருந்தது மக்களின் பிரதிநிதித்துவமே இல்லை.

செல்மா, 1965

மார்ச் 7. ஓட்டுரிமை கேட்டு செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடக்கக் கிளம்பிய சுமார் 600 பேரை, எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீசும் ஷெரிஃபின் குதிரைப் படையும் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டியது. மறுநாள் கிங் தரப்பு ஜான்சன் நீதிமன்றத்துக்கு வந்தது: எங்களைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். ஜான்சன் முதலில் போட்டது அவர்களுக்கு எதிரான உத்தரவு. விசாரித்து முடிக்கும்வரை யாரும் நடக்கக் கூடாது. நான்கு வருடம் முன்பு, பஸ் பயணத்தில் நிறப் பிரிவினையை எதிர்த்து வந்த சுதந்திரப் பயணிகள் மாண்ட்கோமரி பஸ் நிலையத்தில் அடிபட்டபோதும் அவர் கிளானுக்கும் நகரப் போலீசுக்கும் தடை போட்டதோடு பயணிகளுக்கும் தற்காலிகத் தடை போட்டவர். பலருக்குக் கோபம். மார்ச் 9 அன்று கிங் ஆட்களைப் பாலம்வரை கூட்டிப்போய், அங்கேயே முட்டி போட்டு ஜெபித்துவிட்டுத் திரும்பினார்.

விசாரணை ஐந்து நாட்கள். சாட்சிகள் வரிசையாக வந்தார்கள், மண்டை உடைந்த ஜான் லூயிஸ் உட்பட. பாலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்த படத்தை நீதிமன்ற அறையில் திரையிட்டார்கள். சில நிமிடங்கள்தான் ஓடும் படம், குதிரைகள் கூட்டத்துக்குள் பாய்வது, தரையில் கிடப்பவர்கள் மேல் தடி இறங்குவது, புகைக்குள்ளிருந்து கூச்சல். படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஜான்சன் முகத்தில் அருவருப்பு வெளிப்படையாகத் தெரிந்தது என்றும், இடைவேளை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார் என்றும் அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு எதையும் முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

மார்ச் 17 தீர்ப்பின் மையம் ஒரு வாக்கியம்: சாலையில் அமைதியாகக் கூடவும் நடக்கவும் உள்ள உரிமையின் அளவு, எதை எதிர்த்து நடக்கிறார்களோ அந்த அநீதியின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொதுச் சாலையை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை என்ற வழக்கமான விதிக்கு இது பெரிய தளர்வு, சட்ட அறிஞர்கள் இன்றும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அநீதி பெரியதா சிறியதா என்று நீதிபதி தராசில் வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் வலு இருக்கிறது. ஆனால் வரியோடு நிறுத்தாமல் அந்த உத்தரவை முழுக்கப் பாருங்கள். நடப்பவர்கள் தரப்பிடமிருந்து திட்டத்தை எழுத்தில் வாங்கினார், எங்கே தங்குவார்கள், சாப்பாடு எப்படி, கழிப்பறை வண்டி எங்கே. 80ஆம் எண் நெடுஞ்சாலை லவுண்டஸ் மாவட்டத்தில் இரண்டு வழியாகக் குறுகுகிறது, அந்தப் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது. போக்குவரத்தும் ஓட வேண்டும், ஊர்வலமும் போக வேண்டும். தீர்ப்புக்கு முன்பே, உத்தரவு போட்டால் வாஷிங்டன் அதை அமல்படுத்துமா என்றும் கேட்டு உறுதி வாங்கிக்கொண்டார். பாதுகாப்பு தர மாநிலத்தால் முடியாது என்று கவர்னர் வாலஸ் கைவிரித்ததும் அதிபர் லிண்டன் ஜான்சன் தேசியக் காவல் படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். மார்ச் 21 கிளம்பி 25 அன்று மாண்ட்கோமரி. கடைசி நாள் 25,000 பேர்.

அன்று இரவே, ஊர்வலக்காரர்களைக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த வயோலா லியூசோ என்ற டெட்ராய்ட் பெண்ணை கிளான்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். மாநில நீதிமன்றத்தில் கொலை வழக்கில் முக்கியக் குற்றவாளி விடுதலையானான். அந்த டிசம்பரில் அவனையும் சேர்த்து மூன்று கிளான்காரர்களைப் பெடரல் சதிக் குற்றத்தில் ஜான்சன் விசாரித்தார், அரசுத் தரப்பில் வாதாடியவர் ஜான் டோர். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி முடிவுக்கு வர முடியவில்லை என்று திரும்பியது. மறுபடி போய்ப் பேசுங்கள் என்று ஜான்சன் அனுப்பினார். குற்றவாளிகள் என்று வந்தது. சட்டம் அனுமதித்த அதிகபட்சத் தண்டனை பத்து வருடம், மூவருக்கும் அதையே கொடுத்தார்.

பெண்கள் பற்றி இரண்டே வழக்கு சொல்கிறேன். 1966இல் லவுண்டஸ் மாவட்ட ஜூரி வழக்கில், பெண்களை ஜூரியில் சேர்க்கவே கூடாது என்ற அலபாமா சட்டத்தை அவர் இருந்த அமர்வு ரத்து செய்தது. அப்படியொரு முழுத் தடை அப்போது மூன்று மாநிலங்களில் இருந்தது. 1972இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், மாண்ட்கோமரி விமானப் படைத் தளத்தின் லெஃப்டினன்ட் ஷாரன் ஃபிரான்டியேரோ தன் கணவருக்குச் சலுகை கேட்டிருந்தார், ஆண் அதிகாரியின் மனைவிக்குக் கேள்வி கேட்காமல் கொடுப்பதைப் பெண் அதிகாரியின் கணவருக்கு மறுத்தார்கள். அமர்வில் இருவர் சரிதான் என்றார்கள், ஜான்சன் மட்டும் மாறுபட்டு எழுதினார். மறு வருடம் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அவர் பக்கம் வந்தது.

பிரைஸ் மருத்துவமனை

இப்போது வெந்நீருக்கு வரலாம். டஸ்கலூசாவில் பிரைஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை, 5,000 நோயாளிகள். 1970இல் சிகரெட் வரியிலிருந்து வரும் பணம் குறைந்ததால் 99 ஊழியர்களை வேலையை விட்டு எடுத்தார்கள். வழக்குப் போட்டது அந்த ஊழியர்கள்தான், வாதியாக ரிக்கி வயட் என்ற 15 வயதுப் பையனையும் சேர்த்துக்கொண்டு. அவனுக்கு மனநோயே இல்லை, அடங்காத பையன் என்று கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். வேலை போன விவகாரத்தை ஜான்சன் ஒதுக்கிவிட்டு நோயாளிகள் பக்கம் திரும்பினார். 5,000 பேருக்கு நேரடியாகச் சிகிச்சை தரும் வேலையில் இருந்தவர்கள் டாக்டர் பட்டம் பெற்ற ஒரு உளவியலாளர், மனநலத்தில் ஓரளவு பயிற்சி உள்ள மூன்று மருத்துவர்கள், இரண்டு சமூகப் பணியாளர்கள். பக்கத்திலேயே இருந்த பார்ட்லோ என்ற அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லத்தில், விரல் சூப்பக் கூடாது என்று ஒருவரை ஒன்பது வருடம் கைகட்டும் சட்டையில் வைத்திருந்தார்கள். கொதிக்கும் தண்ணீரைப் பீய்ச்சியதில் ஒருவர் செத்திருந்தார்.

1971 மார்ச் தீர்ப்பில் ஜான்சன் சொன்னது இதுதான்: குற்றம் எதுவும் செய்யாத ஒருவரைச் சிகிச்சைக்காக என்று சொல்லிக் கட்டாயமாக அடைத்து வைத்தால், சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் அது வெறும் சிறை. மாநிலத்துக்கு ஆறு மாதம் கொடுத்து நீங்களே தரத்தை வகுத்து வாருங்கள் என்றார். இதை விமர்சகர்கள் சொல்வதே இல்லை. மாநிலம் வகுத்துக் கொண்டுவந்தது ஒன்றுமில்லாததாக இருந்த பிறகுதான், நிபுணர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டு, இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட எண்களை வைத்து 1972 ஏப்ரல் உத்தரவு வந்தது. கழிப்பறை எண்ணிக்கை அப்படித்தான் வந்தது. 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உரிமையை உறுதி செய்தது.

அதே 1972இல் மாநிலப் போலீஸ் வழக்கு. 37 வருட வரலாற்றில் கறுப்பினத்தவர் ஒருவர்கூடப் போலீஸ்காரராக எடுக்கப்படவில்லை. 25 சதவீதம் வரும்வரை ஒரு வெள்ளையருக்கு ஒரு கறுப்பினத்தவர் என்று எடுக்கச் சொன்னார். மாநிலம் இழுத்தடித்து, பதவி உயர்வு விஷயத்தில் வேறொரு நீதிபதி போட்ட தொடர் உத்தரவு 1987இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கில் தப்பியது.

1976 ஜனவரியில் சிறைகள். டிரேப்பர் சிறையில் நாய்க்கூண்டு என்று கைதிகள் சொன்ன தண்டனை அறை நான்கடிக்கு எட்டடி, அதற்குள் சில சமயம் ஆறு பேர், படுக்கை இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை, தரையில் ஒரு ஓட்டைதான் கழிப்பறை, அதைக் கழுவிவிடும் விசைகூட வெளியே இருந்தது. 692 காவலர் தேவைப்பட்ட இடத்தில் 383 பேர் இருந்தார்கள். கைதிகளின் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று மாநிலத்தின் வக்கீலே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். ஒரு கைதிக்கு ஒரு அறை, குறைந்தது 60 சதுர அடி என்று தொடங்கி நீண்ட உத்தரவு போட்டார். மேற்பார்வைக்கு 39 பேர் கொண்ட குழுவையும் அமைத்தார், அது அளவு மீறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கலைத்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. கண்காணிக்க ஒரு ஆள் போதும், சிறையை நிர்வகிக்க ஒரு மன்றம் தேவையில்லை.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை சின்னதல்ல. மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் பிரிவினையை ஒழிக்க 1967 மார்ச்சில் ரைவ்ஸ், குரூம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து உத்தரவு போட்டார். அடுத்த மாதம் அவருடைய அம்மாவின் வீட்டில் குண்டு வெடித்தது. மகன் வீடு என்று நினைத்து வைத்தார்கள். அம்மா உயிர் பிழைத்தார். பெடரல் மார்ஷல்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குக் காவல் நின்றார்கள், ஊரில் பழைய நண்பர்கள் பேசுவதை நிறுத்தினார்கள்.

1977இல் அதிபர் கார்ட்டர் அவரை எஃப்.பி.ஐ. இயக்குநராக அறிவித்தார், இரத்தக் குழாய் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்ததால் விலகிவிட்டார். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே எழுதியவற்றில் ஒன்றை விட முடியாது. 1985இல், தன் வீட்டுப் படுக்கையறையில் இன்னொரு ஆணுடன் இருந்ததற்காகக் கைதான மைக்கேல் ஹார்ட்விக்கின் வழக்கில், ஜார்ஜியா மாநிலச் சட்டம் அடிப்படை உரிமையில் கை வைக்கிறது என்று எழுதினார். மறு வருடம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் அதை ரத்து செய்தது. 2003இல் அதே உச்ச நீதிமன்றம் தன் 1986 தீர்ப்பு அன்றைக்கே தவறு என்று சொல்லித் திருத்திக்கொண்டது. ஜான்சன் அதைப் பார்க்கவில்லை, 1999 ஜூலையில் 80 வயதில் இறந்துவிட்டார். மாண்ட்கோமரி பெடரல் நீதிமன்றக் கட்டடத்துக்கு 1992இலேயே அவர் பெயர் வைத்துவிட்டார்கள், சுதந்திரப் பயணிகள் அடிபட்ட பஸ் நிலையம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மாவட்ட நீதிமன்றத்தில் அவர் காலி செய்த இடத்துக்கு 1980இல் வந்தவர் மைரன் தாம்சன், டஸ்கீகியில் பிறந்த கறுப்பினத்தவர். பிரைஸ் வழக்கை 33 வருடத்துக்குப் பிறகு, மாநிலம் தேவையானதைச் செய்துவிட்டது என்று 2003 டிசம்பரில் முடித்து வைத்தவர் அவர்தான். சிறை விவகாரம் அப்படி முடியவில்லை. அலபாமா சிறைகளில் மனநலச் சிகிச்சை படுமோசம், அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2017இல் அதே தாம்சன் தீர்ப்பு எழுதினார். 2019இல் மத்திய நீதித் துறை, ஆண்கள் சிறைகளில் வன்முறையும் நெரிசலும் தாங்க முடியாத அளவில் இருப்பதாக அறிக்கை கொடுத்து, 2020 டிசம்பரில் மாநிலத்தின் மேல் வழக்கும் போட்டது.